எண்பத்தோராவது ட்யூப்

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கச் சந்தில் கட்டியிருந்த ஒரு பசுவைக் காட்டுமாடு என்று எங்கள் ஆய்வகம் உலகத்துக்கே சொல்லிவிட்டது. அதனால் ஒரு மனிதர் சிறையில் இருக்கிறார். தப்பைச் செய்தது நான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. அடையாறில் ஒரு மரபணு ஆய்வகத்தில் பல வருஷமாக டெக்னீஷியன். ஒப்பந்த வேலை. வருகிற சாம்பிளை வாங்குவது, அரைப்பது, டி.என்.ஏ. பிரிப்பது, மெஷினில் ஓட்டுவது, ட்யூபின் மேல் எழுதுவது, ஃப்ரீசரில் அடுக்குவது. யோசிப்பது உன் வேலை இல்லை என்று பல பேர் பல விதமாக மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் சரி என்று இருந்துவிட்டேன். அப்படி இருப்பது வசதியாகவும் இருந்தது.

எங்கள் பேராசிரியருக்கு ஒரு கேள்வி இருந்தது. நம் மலையில் திரியும் காட்டுமாடு, வடகிழக்கில் மலைக்காரர்கள் வளர்க்கும் மிதுன், ஜாவாப் பக்கத்துக் காட்டில் இருக்கும் பாண்டெங், நம் நாட்டுமாடு, வெள்ளைக்காரன் ஊர்ச் சீமைமாடு. இவற்றில் யாருக்கு யார் உடன்பிறப்பு, யாருக்கு யார் தூரத்துப் பங்காளி? நம் ஊரில் காட்டுமாட்டைக் காட்டெருமை என்பார்கள். எருமைக்கும் அதற்கும் கிட்டத்து உறவே கிடையாது. கொம்பை அளந்து, மண்டையோட்டை அளந்து தீராத சண்டையை டி.என்.ஏ. தீர்த்துவைக்கும் என்பார் அவர். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் டி.என்.ஏ. ஒன்று இருக்கிறது. அப்பன் யாராக இருந்தாலும் அதில் கை வைக்க முடியாது. அதைப் பிடித்துக்கொண்டு தாய்வழியில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம். நாங்கள் படித்தது அதைத்தான்.

மலையிலிருந்து செத்துக் கிடந்த காட்டுமாடுகளின் சதைத் துணுக்கு ஒன்பது வந்தது. காட்டுமாட்டுச் சாணி அறுபத்து மூன்று வந்தது. ஒப்பிட ஊர்மாடு வேண்டும் என்றார்கள். கால்நடை டாக்டர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் சந்து சந்தாகப் போய் ஒன்பது நாட்டுப் பசுக்களிடம் ரத்தம் எடுத்தேன்.

கடைசிப் பசுதான் குளத்துக்குப் பின்னால் இருந்தது. இடது காது கிழிந்த செவலைப் பசு. தெருவில் எல்லோருக்கும் அதைத் தெரியும். காலையில் வீடு வீடாக நின்று கழுநீர் குடிக்கும், ஆபீஸ் போகிறவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், சாப்பாட்டுக்கடை வாசலில் வாழையிலை தின்னும். பால்காரருக்கு அப்போதே ஐம்பது வயசிருக்கும். டாக்டர் ஊசியை எடுத்ததும் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, ரத்தத்த எடுத்துக்கினு போயி பாலுக்கு கலர் ஏத்தப் போறீங்களா?" என்றார். பக்கத்தில் நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு கன்று நின்றது. பிறந்து பத்து நாள்தான். டாக்டர் அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பால்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. "தாயாண்ட எடு. கன்னு மேல கை வெச்சே, கை இருக்காது." தாயிடம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தோம்.

ஆய்வகத்தில் எல்லாவற்றிலிருந்தும் டி.என்.ஏ. பிரித்து ட்யூபில் ஊற்றினேன். ட்யூபுக்குள் போய்விட்டால் எல்லாம் தண்ணீர்தான். காட்டுமாடும் தண்ணீர், சாணியும் தண்ணீர், மயிலாப்பூர்ப் பசுவும் தண்ணீர். கண்ணால் பார்த்து எதையும் சொல்ல முடியாது. மேலே எழுதியிருப்பதுதான் சாட்சி. அட்டைப்பெட்டியில் ஒன்பதுக்கு ஒன்பது, எண்பத்தொரு குழி. முதல் வரிசையில் சதை, நடுவில் சாணி, கடைசி வரிசையில் ஊர்ப்பசுக்கள். ஒன்றாம் குழியில் காட்டுமாடு. எண்பத்தொன்றாம் குழியில் காது கிழிந்த பசு. எந்த மூலை முதல் மூலை என்பதற்குப் பெட்டியின் மூடியில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். மூடியில் மட்டும். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். மூடி தொலைந்தால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அந்த வருஷம்தான் வெள்ளம் வந்தது.

ஜெனரேட்டர் தரைக்குக் கீழே இருந்தது. முதலில் மூழ்கியது அதுதான். ஃப்ரீசர் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. பேராசிரியர் வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் முழங்கால் தண்ணீரில் நடந்து, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஒரு அம்மாவிடம் கெஞ்சி இரண்டு தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் வாங்கி வந்தேன். வஞ்சிரம் வைத்த ஐஸுக்குள் மூன்று நாள் எங்கள் ஆராய்ச்சி கிடந்தது. என்னைப் பாராட்டினார்கள். தனியாக நின்று காப்பாற்றினாள் என்றார்கள்.

நான்காம் நாள் பெட்டிகளை வெளியே எடுத்தேன். அந்தப் பெட்டியின் மூடி ஊறிக் கூழாகிப் போயிருந்தது. குழிகள் மட்டும் பிழைத்திருந்தன. மீன் கவிச்சி தாங்க முடியவில்லை. ஒவ்வொரு ட்யூபாக எடுத்து ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத் துடைத்து அதே குழியில் வைத்தேன். ஸ்பிரிட் பட்டால் மார்க்கர் மை போய்விடும் என்று அந்த ஆய்வகத்தில் எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். மூன்று நாள் தூங்காத மண்டை. எண்பத்தொன்றையும் துடைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தேன். பஞ்செல்லாம் கறுப்பாக இருந்தது. ட்யூபெல்லாம் வெள்ளையாக இருந்தது.

நோட்டில் வரைபடம் இருந்தது. எந்தக் குழியில் எது என்று தெரியும். பெட்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை. நிறைந்த பெட்டி, இப்படித் திருப்பினாலும் அப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கிறது. பேராசிரியருக்குப் போன் செய்தேன். லைன் விட்டு விட்டு வந்தது. "நீங்கதானே அடுக்குனீங்க, உங்களுக்குத் தெரியாததா" என்றார். நான் ஊகித்தேன். ஊகித்தேன் என்று நோட்டில் எழுதவில்லை. ஒன்றிலிருந்து எண்பத்தொன்று வரை எழுதிவிட்டு ஆதம்பாக்கத்தில் என் வீட்டுக்குள் வந்த தண்ணீரை இறைக்கப் போய்விட்டேன்.

பெட்டி தலைகீழாக நின்றிருக்கிறது. முதல் வரிசை கடைசி வரிசையாகிவிட்டது. ஒன்று எண்பத்தொன்றாகிவிட்டது.

நடுவிலிருந்த சாணி மாதிரிகள் ஐஸ் உருகியதில் கெட்டுவிட்டன, எதுவும் வரவில்லை. கடைசி வரிசையை யாரும் ஓட்டவேயில்லை. ஊர்மாடுதானே, சீமைமாட்டின் தகவல் வெளியில் கிடைக்கிறதே, அது போதும் என்று விட்டார்கள். கொஞ்ச நாளில் இடம் வேண்டும் என்று அந்த ஒன்பதையும் தூக்கிப் போட்டார்கள். உண்மையான காட்டுமாடுகள் ஒன்பதும் அப்படிக் குப்பைக்குப் போயின. போட்டதும் நான்தான். முதல் வரிசை மட்டும் ஓடியது. அதற்குப் பெயர் காட்டுமாடு.

உலகத்தில் மற்றவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்று: காட்டுமாடும் மிதுனும் பாண்டெங்கும் ஒரு வீட்டுப் பிள்ளைகள், நாட்டுமாடும் சீமைமாடும் இன்னொரு வீடு. எங்கள் முடிவில் காட்டுமாடு நேராக நாட்டுமாட்டின் மடியில் போய் உட்கார்ந்தது. அப்போதே ஒருவர் நின்று, இது எப்படி என்று கேட்டிருக்கலாம். வெளியூர்த் தகவலோடு ஒப்பிட்டார்கள். நாட்டுமாட்டோடு அச்சு அசலாகப் பொருந்தியது. அதைத்தான் கண்டுபிடிப்பு என்றார்கள். மற்றவர்களின் காட்டுமாடு ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, அதெல்லாம் வெளிநாட்டு மிருகக்காட்சிசாலையில் கலந்து பிறந்தவை, எங்களுடையதுதான் சுத்தம் என்று பதில் சொன்னார்கள்.

அந்த முடிவு எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நம் நாட்டுப்பசுவின் தாய் நம் காட்டிலேயே இருக்கிறாள் என்று பேராசிரியர் தி. நகரில் ஒரு சபாவில் பேசியபோது நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். கை தட்டல் அடங்க நேரமாயிற்று. சால்வை போட்டார்கள். எனக்கும் ஒன்று போட்டார்கள், வெள்ளத்தில் காப்பாற்றியதற்காக. அந்தச் சால்வையை இப்போது மிக்சிக்குப் போர்த்தியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அரக்கு முத்திரை வைத்த கவர்கள் வர ஆரம்பித்தன. காட்டு மிருகக் கறி என்று சந்தேகத்தில் பிடித்ததை, எந்த மிருகம் என்று சொல்லும்படி வனத்துறையினர் அனுப்புவார்கள். நாங்கள் டி.என்.ஏ. எடுத்து எங்கள் பட்டியலோடு ஒப்பிடுவோம். பட்டியலில் காட்டுமாடு என்றால் எங்கள் ஒன்றாம் நம்பர் ட்யூப். ஊர்மாடு என்றால் சீமைமாடு; நாட்டுமாட்டை யாரும் சேர்க்கவில்லை. இதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. எந்த ஊர் நாட்டுமாட்டுக் கறி வந்தாலும் அது சீமைமாட்டைவிட மயிலாப்பூர்ப் பசுவுக்குத்தான் கிட்டத்தில் போகும். மயிலாப்பூர்ப் பசுவின் பெயர் எங்களிடம் காட்டுமாடு.

போன வருஷம் வந்த ஒரு கவரில் ஒரு துண்டு உப்புக்கண்டம் இருந்தது. வெயிலில் உலர்த்திய கறி; சுருங்கிக் கறுத்து விரல் நீளம். துண்டு முழுவதும் சோதனைக்கே சரியாகிவிட்டது. பிடித்த மீதியை வழக்கப்படி புதைத்துவிட்டார்கள். முடிவு திரையில் வந்தது. டி.என்.ஏ. வரிசையில் எங்கள் காட்டுமாட்டோடு ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒரே மலையில் மேயும் இரண்டு காட்டுமாட்டுக்குள்ளேயே சில எழுத்து மாறும். இது எங்கேயோ வேறு மலையடிவாரத்தில் பிடித்தது. இவ்வளவு பொருந்தினால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது; அதுதான் பயப்பட வேண்டிய விஷயம். பயந்தேன். பயந்துகொண்டே கையெழுத்துப் போட்டேன். எனக்கு மேலே இருவர் போட்டார்கள்.

சில வாரம் கழித்து எங்கள் கேட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தாள். கறுப்பு புர்கா, மடியில் துணிப்பை. முதல் நாள் பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் இருந்தாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லையாம். மூன்றாம் நாள் வேளச்சேரி பஸ்ஸில் நான் ஏறியபோது அவளும் ஏறி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து விரித்தாள். எங்கள் ரிப்போர்ட்.

"உங்க கழுத்துல தொங்குற பேரும் இதுல இருக்குற பேரும் ஒண்ணுதானேக்கா?"

அடையாள அட்டையைக் கழற்றாமல் பஸ் ஏறும் பழக்கம் எனக்கு. ஆமாம் என்றேன்.

அவள் புருஷனுக்குத் தேனாம்பேட்டையில் மாட்டுக்கறிக் கடை. அவளுக்குச் சொந்த ஊர் மலையடிவாரம். வருஷத்துக்கு ஒருமுறை அவள் அம்மா மாட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் தடவி மொட்டைமாடிக் கொடியில் உலர்த்தி, மருமகனிடம் கொடுத்தனுப்புவார். அந்த முறை புருஷன் மட்டும் தனியாகத் திரும்பி வந்தார். வனத்துறை செக்போஸ்ட்டில் பையைத் திறந்தார்கள். உலர்ந்த கறி கறுப்பாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து உள்ளே இருக்கிறார். ஜாமீன் கேட்டபோதெல்லாம் ரிப்போர்ட் வரட்டும் என்றார்கள். ரிப்போர்ட் வந்தது. காட்டுமாட்டைக் கொன்றதற்குத் தண்டனை வருஷக் கணக்கில்.

"கறிக்கடை வெச்சிருக்கவன் எதுக்கு ஊர்ல இருந்து கறி தூக்கிட்டு வரான், அதுலயே தெரியலையான்னு கேக்குறாங்கக்கா. மாமியா ஆசையா குடுத்தத வேணாம்னு சொல்ல முடியுமா?" பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: "அது எங்க தெருவுல பால் கறந்த மாடு. கெழண்டுபோச்சுன்னு வித்தாங்க. அந்த மாட்டுக்கு நானே புல்லு போட்டிருக்கேன். நீங்க காட்டுமாடுன்னு எழுதிருக்கீங்க. எப்படிக்கா எழுதுனீங்க?"

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஜெராக்ஸை மடித்து அவளிடம் கொடுத்தேன். திருவான்மியூரில் இறங்கி அவள் எதிர்ப்பக்கம் போய்விட்டாள். நான் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மறுநாள் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றாம் குழி, எண்பத்தொன்றாம் குழி. மூடியில் சிவப்புப் புள்ளி. புரிந்ததும் நோட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். கடைசி வரிசை ட்யூபுகள் இருந்திருந்தால் ஓட்டிப் பார்க்கலாம். அவை குப்பையில் போய்ப் பல வருஷம். ஆனால் தாயிடமிருந்து மகளுக்கு மாறாமல் வரும் டி.என்.ஏ. ஆயிற்றே. அந்தக் கன்று.

மயிலாப்பூருக்குப் போனேன். காது கிழிந்த பசு செத்து நாளாகிவிட்டது. நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு அதன் மகள் அதே முளையில் கட்டியிருந்தது. அதுவும் கிழடு தட்டியிருந்தது. பால்காரருக்குத் தலை முழுக்க நரை. வாலில் நாலு முடி பிடுங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டு, எதற்கு என்று அவர் கேட்டபோது விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அது என் அடுத்த முட்டாள்தனம். தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"காட்டெருமயா? இத்தயா? கோலத்தக்கூட மிதிக்காம சுத்திக்கினு போவுது, இது காட்டெருமயா? யோவ், இங்க வா, நம்ம லச்சுமி காட்டெருமயாம்" என்று தெருவில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டார்.

முடியின் வேரிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, யாரிடமும் சொல்லாமல் ஓட்டினேன். திரையில் வந்தது. எங்கள் ஒன்றாம் நம்பர் காட்டுமாட்டோடு ஓர் எழுத்துகூட மாறவில்லை.

பேராசிரியரிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. என்னை ஒருமையில் கூப்பிட்டதில்லை, குரல் உயர்த்தியதில்லை. இரண்டு தாளையும் வெகுநேரம் பார்த்தார். நாட்டுமாடும் காட்டுமாடும் ஒரே தாய்வழி என்றுதானே நாம் சொல்கிறோம், அப்படியானால் இது பொருந்துவதில் என்ன ஆச்சரியம் என்றார். அவருடைய முகம் அதை நம்பவில்லை. பெட்டி திரும்பிய கதையைச் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது வெளிய போனா இதுவரைக்கும் நாம குடுத்த ரிப்போர்ட் எல்லாம் விழும்மா."

"விழட்டும் சார். உள்ள ஒரு ஆள் இருக்கார்."

"லேபிள் எழுதுனது நீங்க. அது உங்களுக்கு ஞாபகம் இருக்கில்ல?"

மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்கிற குரலில் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பட்டியலைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், இனி வருகிற கேஸ்களுக்குச் சரியாக இருக்கும், பழையதை யோசித்து முடிவு செய்வோம், நாலு நாள் பொறுங்கள் என்றார்.

பொறுத்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், நாலு நாள் பொறுத்தேன். வாடகை வீடு, ஒப்பந்த வேலை, நானும் மனுஷிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நாலு நாளும் அந்தப் பெண் பஸ் நிறுத்தத்தில் இருந்தாள். நான் பின் கேட் வழியாக வெளியே போனேன். ஐந்தாம் நாள் காலை என் மேஜையில் புதிதாக ஓர் அரக்கு முத்திரைக் கவர் இருந்தது. உள்ளே ஒரு துண்டு கறி. பழைய பட்டியலோடு ஒப்பிடவும் என்று சீட்டு. பட்டியலை மாற்றவில்லை. மாற்றப்போவதும் இல்லை என்று அப்போது புரிந்தது. கவரைப் பிரிக்காமல் வைத்துவிட்டு முன் கேட் வழியாக வெளியே வந்து, ரோட்டைத் தாண்டி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தேனாம்பேட்டையில் ஒரு டயர்க்கடைக்கு மேலே அவர்கள் வக்கீலின் அலுவலகம். நான் சொன்னதையெல்லாம் வக்கீல் அம்மா பொறுமையாக எழுதினார். உறவு, தாய்வழி, பாண்டெங் என்று கோர்ட்டில் பேசினால் ஒரு நிமிஷத்தில் கொட்டாவி விடுவார்கள் என்றார். ஆனால் தெருவில் கழுநீர் குடிக்கிற பசுவை இந்த ஆய்வகம் காட்டுமாடு என்கிறது என்று காட்டினால் யாருக்கும் புரியும். நான் தனியாகப் பிடுங்கி வந்த முடி செல்லாது. கோர்ட் ஆள் முன்னால், சாட்சிகள் முன்னால் அந்தப் பசுவிடம் சாம்பிள் எடுத்து, வேறு ஆய்வகத்தில் ஓட்ட வேண்டும். கறி மிச்சமில்லை, பழைய ட்யூப் மிச்சமில்லை, இருப்பது அந்தப் பசு ஒன்றுதான் என்றார். லேபிள் எழுதியது யார் என்று கேட்டார். நான் என்றேன். உங்கள் மேலேயும் பாயலாம், தெரியுமா என்றார். தெரியும் என்றேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

மனு போட்டு, தள்ளி, திரும்பப் போட்டு, சாம்பிள் எடுக்க ஒரு தேதி கிடைத்தது. அதுவரை தினம் காலையில் மயிலாப்பூர் போய்ப் பசுவைப் பார்த்துவிட்டு வந்தேன். முதலில் பால்காரர் என்னைப் பார்த்ததும் சிரிப்பார்: "உன் காட்டெரும நல்லாதான் கீது, போ." பிறகு சிரிப்பது குறைந்தது. ஒரு நாள் பசுவைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் நடையில் கட்டியிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு வந்தானுங்க. காட்டு மிருகத்த வூட்ல கட்டி வெச்சிகிறியாமே, லைசன்ஸ் கீதான்னானுங்க. நான் சிரிச்சேன். அவனுங்க சிரிக்கல."

யார் என்று கேட்டேன். தெரியாது என்றார். போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்களாம். மாட்டை மட்டுமல்ல, வீட்டு நம்பரையும். அவர்களை யார் அனுப்பியது என்று எனக்குத் தெரியாது. ஊகிக்க மாட்டேன். ஒருமுறை ஊகித்தது போதும். தேதி வரை பத்திரமாக வைத்திருங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டேன். தலையை ஆட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தேதியன்று நான், அவள், வக்கீல், கோர்ட் அனுப்பிய ஒருவர், ஒரு கால்நடை டாக்டர் எல்லோரும் அந்தச் சந்துக்குள் போனோம். நடையில் முளை இருந்தது. கயிறு சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள், ஈரம் காயவில்லை. பால்காரர் சட்டை போட்டுக்கொண்டு, விருந்தாளி மாதிரி அவர் வீட்டு வாசலிலேயே நின்றார்.

மாடு எங்கே என்று கோர்ட் ஆள் கேட்டார். வித்துட்டேன் என்றார். எப்போது? நேற்று. யாருக்கு? ஒரு தரகர், பெயர் தெரியாது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, ஆனால் கத்தவில்லை. பால்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். "எனக்கு இன்னாத்துக்கும்மா வம்பு. பால் ஊத்திப் பொழைக்கிறவன். நாளைக்கு என்னயும் தூக்கி உள்ள வெச்சா நீ வருவியா?" என்றார். ஒருத்தரை உள்ளே வைத்துவிட்டு வந்து நிற்கிறவள் நான்.

கோர்ட் ஆள் தாளில் எழுதினார்: குறிப்பிட்ட இடத்தில் மாடு இல்லை. சாட்சியாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். இரண்டு முறை படித்துவிட்டுப் போட்டேன். உண்மைதான் எழுதியிருந்தது.

வக்கீல் இன்னொரு மனு பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் கேட்கவில்லை. முளைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து புர்காவுக்குள்ளிருந்து போனை எடுத்தாள்.

"வித்த கெழமாடு எங்க போவும்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

புருஷனுடைய கடைப் போன் அது. கடைக்கு மாடு கொடுக்கிற தரகர்கள், அறுக்கிறவர்கள் எண்ணெல்லாம் அதில்தான் இருந்தன. அவர் உள்ளே போனதிலிருந்து பல பேர் அவள் போனை எடுப்பதில்லை என்று சொல்லியிருக்கிறாள். முதல் எண் எடுக்கவில்லை. இரண்டாவது எடுத்துவிட்டு வைத்துவிட்டார்கள். மூன்றாவதில் யாரோ பேசினார்கள். அவள் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"பாய், செவலப் பசு. கெழடு. நெத்தியில வெள்ளப் பொட்டு. நேத்து மயிலாப்பூர்ல இருந்து வந்திருக்கும். இருந்தா இன்னிக்கு மட்டும் அறுக்காதீங்க. நான் வர வரைக்கும் அறுக்காதீங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நான்காவது எண்ணை அழுத்தினாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. நான் ஆணியில் தொங்கிய கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.